தேவராஜ் அண்ணனுக்காகத் தேர்ந்தெடுத்த பச்சை

"பேனல்" என்றது கம்ப்யூட்டர்.

தேவராஜ் அண்ணன் டேப் விசையை மறுபடியும் தட்டினார்.

"பேனல்."

இன்னொரு தட்டு.

"பேனல்."

நான்காவது தட்டுக்கு அதுவும் இல்லை. தன்னிடம் இருந்த ஒரே சொல்லையும் சொல்லித் தீர்த்துவிட்ட நிம்மதியில் கம்ப்யூட்டர் வாயை மூடிக்கொண்டது.

இடம், கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் அண்ணனின் மசாஜ் கடை. முன்னறையில் ஒரு கவுண்டர், நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள். உள்ளே திரைச்சீலை போட்டுத் தடுத்த நான்கு கட்டில்கள். பக்கத்துப் பூக்கடையின் மல்லிகை வாசமும் உள்ளே காய்ச்சிய தைலத்தின் வாசமும் கலந்து, கல்யாண வீட்டில் யாருக்கோ சுளுக்குப் பிடித்தது போன்ற ஒரு மணம் அங்கே எப்போதும் இருக்கும்.

அண்ணனுக்குப் பிறவியிலிருந்தே இரண்டு கண்ணும் தெரியாது. கம்ப்யூட்டர் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்று உண்டு. அதன் உதவியால்தான் அவர் கடை நடத்துகிறார். அன்று அந்த மென்பொருள் வாசிக்க வேண்டியிருந்தது, நான் மூன்று வாரம் உழைத்துச் செய்த புதிய புரோகிராமை.

"தம்பி, என்னமோ புதுசா செஞ்சிருக்கேன்னு சொன்னியே. எங்க இருக்கு?"

"முன்னாலதாண்ணே இருக்கு. நடுவுல பாருங்க, பச்சை பட்டன்…"

சொல்லி முடிப்பதற்குள் எனக்கே காதில் விழுந்துவிட்டது.

"பச்சை" என்றார் அண்ணன், அதைக் கையில் வாங்கி எடை பார்ப்பவர் போல. "சரி. பச்சை எப்படி சத்தம் போடும்?"

பின்னால் நாற்காலியில் இருந்த சந்திரன் போனிலிருந்து தலையைத் தூக்கினான். அண்ணனுடைய மனைவியின் தம்பி. அவன் முகத்தில் தெரிந்தது மகிழ்ச்சி என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் மகிழ்ச்சிக்கு அடுத்த ஸ்டேஷன் அது.

சென்ற வாரம் இந்தப் பத்தியில் நான் சைக்கிள் பழகிய கதையை எழுதியதற்கு மூன்று வாசகர்கள் எனக்கு அனுதாபம் தெரிவித்திருந்தார்கள். நான்காமவர் சைக்கிளுக்குத் தெரிவித்திருந்தார். இந்த வாரக் கதையில் அனுதாபத்துக்குரியவர் யார் என்பதில் குழப்பமே வராது. ஆகவே கொஞ்சம் பின்னால் போய் வருகிறேன்.

நாற்காலி முதுகு

அண்ணனை எனக்குத் தெரிந்து பத்து வருடம் இருக்கும், கூடவும் இருக்கலாம். என் நினைவில் தேதிகள் தங்குவதில்லை. வலிகள் தங்கும்.

அப்போதும் இப்போதும் நான் ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கிறேன். பிரிவு என்றால் நானும், குளிரூட்டும் ஒரு ஏர்கோனும். ஒருநாள் குனிந்து செருப்பை மாட்டியவன் நிமிரவில்லை. அதே வடிவத்தில் செந்தூலில் கொம்யூட்டர் ரயில் ஏறி, கே.எல். சென்ட்ரலில் இறங்கி, மஞ்சள் நிறத் தடக்கற்கள் பதித்த நடைபாதை வழியாகப் போனேன். பார்வையற்றவர்கள் காலால் உணர்ந்து நடப்பதற்காகப் போட்ட கற்கள் அவை. அன்றைக்குத் தரையை மட்டுமே பார்க்க முடிந்த எனக்கும் அவைதான் வழி காட்டின. பாதி தூரத்தில் கற்களின் மேலேயே ஒரு மோட்டார்சைக்கிள் நின்றிருந்தது. அதுவும் அங்கே வழக்கம்தான்.

கட்டிலின் தலைமாட்டில் முகத்தை வைக்க ஒரு ஓட்டை இருக்கும். அதன் வழியாகத் தரையையும் அண்ணனின் செருப்பையும் பார்த்துக்கொண்டு கிடந்தேன். மேலே இருந்து குரல் வந்தது.

"கம்ப்யூட்டர் வேலையா தம்பி?"

"எப்படிண்ணே கண்டுபிடிச்சீங்க?"

"மவுஸ் பிடிச்சுப் பிடிச்சு வலது தோளு ஏறிப்போச்சு. முதுகு நாற்காலி மாதிரியே ஆயிருச்சு. இனிமே நாற்காலிய எடுத்துட்டாக்கூட நீ அப்படியே உக்காந்திருப்ப."

அந்த வாரமே நானாகப் போய் ஓர் உதவி செய்கிறேன் என்றேன். அப்போது யார் எத்தனை மணிக்கு வருகிறார்கள் என்பதை அவர் புள்ளி எழுத்தில் அட்டைகளில் குத்தி வைத்திருந்தார். நேரம் மாற்ற வேண்டுமென்றால் புள்ளியை அழிக்க முடியாது. புது அட்டைதான். ஒரு டப்பா நிறையப் பழைய நேரங்கள் கிடந்தன.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சின்ன புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். பெயர், நேரம், என்ன வலி, யார் பிடிப்பது. சாம்பல் நிறப் பெட்டிகள், சாம்பல் நிற பட்டன்கள். அழகுபடுத்த எனக்குத் தெரியாததால் அழகுபடுத்தவில்லை. அந்த அறியாமைதான் அதன் ஒரே சிறப்பு என்பது போன வருடம்தான் புரிந்தது.

எல்லாவற்றுக்கும் கீழே 'குறிப்பு' என்று ஒரு பெட்டி வைத்திருந்தேன். ரத்த அழுத்தம், சர்க்கரை போன்றவற்றை எழுதிக்கொள்வார் என்று எண்ணம். அண்ணன் அதில் எழுதியவை வேறு. 'மகளுக்கு யூனிவர்சிட்டி கிடைச்சிருச்சு, விசாரிக்கணும்.' 'பூனை செத்துப்போச்சு, விசாரிக்கக் கூடாது.'

டீச்சர்

வாசித்துச் சொல்லும் அந்தக் குரலுக்கு அண்ணன் வைத்த பெயர் டீச்சர். ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டியிருப்பார். மறு காது கடைக்கு. டீச்சர் பேசும் வேகத்தை நானும் ஒருமுறை கேட்டேன். கிள்ளான் மீன் பசாரில் ஏலம் விடுபவர் ஆங்கில இலக்கணத்தை மனப்பாடமாக ஒப்பித்தால் அப்படி இருக்கும். எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. அண்ணனுக்கு அதுவே மெதுவாகத்தான் இருந்தது.

கதவு மணி அடிக்கும். காலடிச் சத்தம் உள்ளே வரும். அண்ணன் ஒரு விசையைத் தட்டுவார். இந்நேரத்துக்கு யார், என்ன வலி, போன தடவை என்ன பேச்சு என்று டீச்சர் காதில் ஓதிவிடும். வந்தவர் வாயைத் திறப்பதற்குள், "வாங்க ஆன்டி, முட்டி எப்படி இருக்கு? மருமகன் திரும்பி வந்துட்டாரா?" என்பார்.

ஆட்கள் அசந்துபோவார்கள். ஒரு பெரியவர் இவருக்கு அருள் இருப்பதாக முடிவு செய்து, கவுண்டரில் எலுமிச்சம்பழம் வைத்து, விழுந்து கும்பிட்டுவிட்டுப் போனார். அண்ணன் அதைப் பிழிந்து ஐஸ் போட்டுக் குடித்தார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டருக்கு வயதாகிவிட்டது. காலையில் பெட்டியின் பக்கவாட்டில் மூன்று தட்டு தட்டினால்தான் எழுந்திருக்கும். விசிறிச் சத்தம் கெந்திங் மலையேறும் லோரி மாதிரி. ஒரு வாரம் அது ரிப்பேருக்குப் போனபோது முன்னறையைக் கவனிக்க வந்து உட்கார்ந்தவன்தான் சந்திரன்.

அவனைக் கெட்டவன் என்று சொல்ல முடியாது. கிள்ளானில் போன் கவர் கடை வைத்திருந்தான், ஓடவில்லை, மூடிவிட்டான். நாற்பது வயதில் வேலை இல்லாமல் வீட்டில் இருப்பவனுக்கு ஒரு கவுண்டர் கிடைத்தால் அவன் முதுகு நேராகும். நேரானது. தன் போனிலேயே ஒரு ஆப்பை இறக்கி, வந்தவர் பெயரையெல்லாம் அதில் போட்டுக்கொண்டான். "அங்கிள், எங்க மாமாவுக்குக் கண்ணு தெரியாது லா, எதுவா இருந்தாலும் என்கிட்டயே கேளுங்க" என்று அவன் ஒருவரிடம் சொன்னதை நானே கேட்டேன். மாமா மூன்றடி தள்ளித்தான் நின்றிருந்தார். அவருக்குத் தெரியாமல் இருந்தது கண் மட்டும்தான்.

அந்த வாரக் கடைசியில் என் தோளைப் பிடித்துக்கொண்டே அண்ணன் சொன்னார்:

"இப்பல்லாம் உள்ள யாரு படுத்திருக்காங்கன்னு எனக்குத் தெரியல தம்பி. அவன் அனுப்புறான், நான் போறேன். முதுகத் தொட்டுத்தான் யாருன்னு கண்டுபிடிக்கிறேன்."

"உங்களுக்குத்தான் தொட்டாலே தெரிஞ்சிருமே."

"தெரியும். அதுவா விஷயம்? ஒருத்தர வாங்கன்னு கூப்பிடுறதுக்கு முந்தி அவங்க முதுகத் தொடுறது மரியாதையா?"

நான் ஓட்டை வழியாக அவர் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கெனோப்பிக்காரர்

பழைய கம்ப்யூட்டர் பிழைத்துத் திரும்பியது, ஆனால் அதற்காகச் சந்திரன் கடையை விட்டுப் போகவில்லை. கம்ப்யூட்டரும் அதிக நாள் தாங்காது என்பது தெளிவு. பங்சாரில் அலுவலகம் வைத்திருந்த ஒரு வாடிக்கையாளர், அங்கே கழித்துக்கட்டிய கம்ப்யூட்டர் ஒன்றை அண்ணனுக்குக் கொடுத்தார். நல்ல பெட்டி. ஆனால் அதில் இருந்தது லினக்ஸ். அண்ணன் பத்து வருடமாகப் பழகிய விண்டோஸ் இல்லை.

அண்ணன் அலட்டிக்கொள்ளவில்லை. பார்வையற்ற நண்பர்களின் வாட்ஸப் குழு ஒன்று இருக்கிறது. அவர்கள் குரல் பதிவிலேயே பாடம் நடத்தினார்கள். லினக்ஸிலும் ஒரு டீச்சர் உண்டு. இரண்டு வாரத்தில் அவர் அந்தப் பெட்டியைக் காதாலேயே கற்றுக்கொண்டார். என் புரோகிராம்தான் அதில் ஓடாது. அது வேறு ஊர்க்காரன்.

அங்கேதான் டூல்கிட் வருகிறது. தெரியாதவர்களுக்காக ஒரு விளக்கம். நம் ஊரில் கல்யாணமானாலும் கருமாதியானாலும் கெனோப்பிக்காரரைக் கூப்பிடுகிறோம். கூடாரம், மேசை, நாற்காலி, காற்றாடி எல்லாம் அவரே கொண்டுவந்து போட்டுவிடுவார். நாம் நாற்காலி செய்ய வேண்டியதில்லை. கம்ப்யூட்டர் திரையில் பட்டன், பெட்டி, பட்டியல் இவற்றைக் கொண்டுவந்து போடும் கெனோப்பிக்காரர்தான் டூல்கிட்.

நான் பிடித்த புதிய டூல்கிட், 'ஒருமுறை எழுதுங்கள், எந்த சிஸ்டத்திலும் ஓடும்' என்று தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டது. ஐம்பது வயதைக் கடந்தவன் இதையெல்லாம் நம்பக் கூடாது. நான் நம்பினேன்.

"ரெண்டு நாள்ல முடிச்சிடலாம்ணே" என்றேன்.

என் லேப்டாப்பில் லினக்ஸை ஏற்றி ஒரு சனிக்கிழமை காலை முதல்முறை ஓட்டிப் பார்த்தேன். ஓடியது. கெனோப்பிக்காரர் சொன்னபடி எல்லா நாற்காலியையும் இறக்கியிருந்தார். ஆனால் நிலம் வேறாக இருந்ததால் நாற்காலிகள் வெவ்வேறு ஆழத்துக்குப் புதைந்திருந்தன. சில எழுத்துகள் எறும்பு அளவு, சில யானை அளவு. பட்டன்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தன, காலை நேரத்து எல்.ஆர்.டி. ரயில் போல. கடையின் பெயரை மட்டும் மேலே தமிழில் போட்டிருந்தேன். கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகப் பிரிந்து நின்றன.

அதைச் சரிசெய்யப் போனவன், சரிசெய்தலோடு நிறுத்தியிருக்கலாம்.

அழகு என்னும் வியாதி

இந்தப் புதிய டூல்கிட்டில் ஒரு வசதி. அது தரும் சாதாரண பட்டன் பிடிக்கவில்லையென்றால் நாமே வரைந்துகொள்ளலாம். எந்த வடிவம், எந்த நிறம் வேண்டுமானாலும். பத்து வருடமாகச் சாம்பல் நிறத்தில் வாழ்ந்தவனுக்கு இது ஆபத்தான செய்தி.

வரைந்தேன். மூலைகள் வளைந்த பட்டன்கள். விரல் வைத்தால் லேசாக மின்னும். ஒரு நாளின் நேரங்களையெல்லாம் கட்டம் கட்டமாகப் போட்டு, காலியாக இருந்தால் பச்சை, ஆள் இருந்தால் சிவப்பு, மதிய உணவுக்கு மஞ்சள்.

என் மனைவி விமலா பள்ளியில் கணக்கு டீச்சர். அவளையும் இதில் இழுத்தேன்.

"இந்தப் பச்சை எப்படி இருக்கு?"

"ஆஸ்பத்திரிச் சுவரு மாதிரி இருக்கு."

"இது?"

"இது பாண்டான் இலை போட்ட கேக்."

"பாண்டான் நல்லதா கெட்டதா?"

"கேக்குக்கு நல்லது. இன்னும் கொஞ்சம் வெளுத்தா பாக்க இதமா இருக்கும். கடைக்கு வர்றவங்களே வலியோட வர்றாங்க, பாவம்."

இப்படியே மூன்று வாரம். தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு மணி நேரம். இறுதியில் ஒரு பச்சை அமைந்தது. வாழையிலையின் பின்பக்கம் போல அடக்கமான பச்சை. விமலாவே "ம்" என்றாள். இருபத்தேழு வருட இல்லறத்தில் அந்த "ம்" எனக்குக் கிடைத்தது மிகச் சில தடவைதான்.

இருவரும் படித்தவர்கள். ஒருவர் பிள்ளைகளுக்கு யோசிக்கக் கற்றுக்கொடுத்துச் சம்பளம் வாங்குபவர். மூன்று வாரம் ஒரு பார்வையற்றவருக்காக நிறம் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தோம். ஒரு தடவைகூட இரண்டு பேரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. டீச்சரை என் லேப்டாப்பில் ஒருமுறையாவது பேசவிட்டுப் பார்த்திருந்தால் போதும். அது பேசினால் தொந்தரவு என்று முதல் நாளே வாயை அடைத்து வைத்திருந்தேன்.

திங்கள் வரைக்கும்

ஆக, கம்ப்யூட்டர் 'பேனல்' என்ற அந்தப் புதன்கிழமைக் காலை.

டூல்கிட் கொடுக்கும் சாதாரண பட்டன், "நான் பட்டன், என் பெயர் இது" என்று டீச்சரிடம் தானே சொல்லிக்கொள்ளும். நான் வரைந்தது படம். படத்துக்கு வாய் கிடையாது. என் வாழையிலைப் பச்சைத் தோட்டம் முழுவதும் டீச்சருக்கு வெறும் பேனல். அந்தப் பழைய சாம்பல் பட்டன்கள் பத்து வருடமாக அண்ணனோடு பேசிக்கொண்டிருந்தன என்பது எனக்கு அந்த நிமிடம்தான் தெரிந்தது. அவை பேசுவதற்கு நான் எதுவும் செய்ததில்லை. அவற்றைப் பேசாமல் ஆக்குவதற்குத்தான் மூன்று வாரம் உழைத்திருக்கிறேன்.

சந்திரன் எழுந்து வந்து திரையை எட்டிப் பார்த்தான்.

"சூப்பரா இருக்கு அண்ணே. கலர்லாம் மாஸ்."

பாராட்டு இத்தனை வலிக்கும் என்று எனக்குத் தெரியாது.

"மாமா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க" என்று அவரிடம் திரும்பினான். "ஸ்ரீ கெம்பாங்கான்ல ஒரு ஸ்டோர்ல வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க. லோரிக்குச் சாமான் ஏத்துற வேலை. திங்கக்கெழமைக்குள்ள பதில் சொல்லணும். இங்க நான் வேணும்னா இருந்துக்கிறேன். அக்காவும் அதான் சொல்லுச்சு. நீங்க உள்ள பிடிங்க, முன்னால நான் பாத்துக்கிறேன். ஏன் இந்த சூசா எல்லாம்?"

சூசா என்றால் மலாயில் சிரமம். அண்ணன் முகம் கொடுக்காமல் என் பக்கம் திரும்பினார். சரியாக என் பக்கம்.

"திங்கள் வரைக்கும் டைம் இருக்கு. முடியுமா தம்பி?"

"முடியும்ணே."

"போன தடவையும் ரெண்டு நாள்னு இதே மாதிரிதான் சொன்ன."

"இந்தத் தடவை பயத்துல சொல்றேண்ணே."

"அப்பச் சரி" என்றார்.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் விடுப்பு எடுத்தேன். பச்சையைக் கழற்றினேன். வளைந்த மூலை, மின்னல், மஞ்சள் மதியம் எல்லாவற்றையும் பிய்த்துப் போட்டேன். டூல்கிட் தரும் மொட்டையான பட்டன்களை வரிசையாக வைத்தேன். லேப்டாப்பில் டீச்சர் வாயைத் திறந்துவிட்டேன். வீடு முழுக்கப் பேசியது. பட்டன், பட்டன், பெட்டி, பட்டன். பள்ளியிலிருந்து வந்த விமலா, "யாரு இது, ஹெட்மாஸ்டரா?" என்றாள்.

அப்போதும் ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. அன்றைய பட்டியலில் நேரம், பெயர், வலி மூன்றும் தனித்தனிப் பத்தியில் இருக்கும். விண்டோஸில் டீச்சர் முழு வரியையும் படித்தது. இங்கே முதல் பத்தியை மட்டும் படித்தது. 'பத்து மணி', 'பதினொரு மணி' என்று மணிக்கூண்டு மாதிரி அடித்ததே தவிர, யார் வருகிறார் என்று சொல்லவில்லை. ஒரு நாள் முழுக்க மல்லாடிவிட்டுப் பத்தி பிரிப்பதையே விட்டேன். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே வரியாக எழுதிவிட்டேன். பார்ப்பதற்கு எழுத்துக்குவியல். கேட்பதற்கு வாக்கியம்.

வெள்ளி மாலை அண்ணனிடமிருந்து போன். பழைய கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. மூன்று தட்டு, முப்பது தட்டு, ஒன்றும் நடக்கவில்லை. பழைய பதிவுகளை முந்தின வாரமே ஒரு பென்டிரைவில் எடுத்து வைத்திருந்தேன். என் வாழ்க்கையில் நேரத்தோடு செய்த காரியம் அது ஒன்றுதான்.

கறுப்புத் திரை

சனிக்கிழமை மதியம் கடையில் ஆள் குறைவு. புதிய பெட்டியில் எல்லாவற்றையும் ஏற்றினேன். அண்ணன் உடனே கை வைக்கவில்லை.

"நீ மொதல்ல ஓட்டிக் காட்டு."

மவுஸைப் பிடித்தேன்.

"அது வேணாம். மானிட்டரையும் அணை."

"அணைச்சா எப்படிண்ணே ஓட்டுறது?"

கேட்ட பிறகுதான் யாரிடம் கேட்கிறேன் என்று தெரிந்தது. மானிட்டரை அணைத்து, இயர்போனை வாங்கி மாட்டிக்கொண்டேன். டீச்சரின் வேகத்தை அண்ணன் எனக்காக நாலில் ஒரு பங்காகக் குறைத்தார்.

"ராஜம்மா ஆன்டிக்குத் திங்கள் பத்து மணி. போடு."

போட்டேன். டேப் எங்கே போனது என்று தெரியவில்லை. டீச்சர் ஒன்று சொன்னது, நான் ஒன்று தட்டினேன், அது வேறொன்று சொன்னது. என் சொந்த வீட்டில் மின்சாரம் போனால் நான் கட்டில் காலில்தான் முட்டிக்கொள்வேன். இதுவும் நானே கட்டிய வீடுதான். வியர்த்துவிட்டது. பத்து நிமிடம் கழித்து அண்ணன் என்னிடமிருந்து இயர்போனை வாங்கிக் கேட்டார்.

"ராஜம்மா ஆன்டி இல்ல. 'டிடிடி'ன்னு ஒருத்தருக்கு புக்கிங் ஆயிருக்கு. ரெண்டு மணிநேரம். கழுத்துவலியாம்."

"அது நாந்தாண்ணே."

அவர் சிரித்த சிரிப்பில் உள்ளே கட்டிலில் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். ஆனால் நான் தடுமாறிய ஒவ்வோர் இடமும் அவர் காதில் விழுந்திருந்தது. டேப் முதலில் பெயருக்குப் போகாமல் தேதிக்குப் போகிறது என்றார். குறிப்புப் பெட்டிக்கு நேராகப் போக ஒரு விசை வேண்டும் என்றார். சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்து திருத்தினேன். பிறகு அவர் கை வைத்தார். டீச்சர் பழைய வேகத்துக்குப் போனது. ராஜம்மா ஆன்டிக்குத் திங்கள் பத்து மணி பதிவாக, நான் கவுண்டரில் இருந்த தே ஓ என்ற பாலில்லாத டீயை எடுத்து ஒரு வாய் குடிக்கும் நேரம்தான் ஆனது.

"இப்ப என்ன கலர் தம்பி?"

"சாம்பல்ணே. எல்லாமே."

"பாக்க எப்படி இருக்கு?"

"கண்றாவியா இருக்கு."

அண்ணன் என் தோளைத் தட்டினார். "கவலப்படாத. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

திங்கட்கிழமை

பத்து மணிக்கு நான் அங்கே இருந்திருக்க வேண்டியதில்லை. ஷா ஆலமுக்கு 'காய்ச்சல்' என்று செய்தி அனுப்பிவிட்டு வந்திருந்தேன். சந்திரனும் இருந்தான். கையில் போன்.

மானிட்டர் அணைந்தே இருந்தது. அண்ணன் சனிக்கிழமைக்குப் பிறகு அதைப் போடவே இல்லை.

கதவு மணி அடித்தது. ஒரே நேரத்தில் இரண்டு ஜோடிக் கால்கள். ஒன்று ராஜம்மா ஆன்டி. இன்னொன்று ஒரு சீன அங்கிள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

அண்ணன் ஒரு விசையைத் தட்டினார். "வாங்க ஆன்டி. ஜெஞ்சாரோம்ல மக வீடு மாறிட்டாளா? மாடிப்படி ஏறி முட்டி வீங்கியிருக்குமே?"

"அதெப்படிப்பா ஒனக்கு…" என்று ஆன்டி வாயைப் பொத்திக்கொண்டார்.

"போஸ், பத்து மணி, ஐ புக் ஆல்ரெடி" என்றார் சீன அங்கிள். எங்கள் ஊரில் பாஸ் என்பதை இப்படித்தான் சொல்வார்கள்.

சந்திரன் போனைத் தடவினான். முகம் மாறியது. "மாமா… இவருக்கு நாந்தான் குடுத்தேன். போன வாரமே. இதுல இருக்கு. கம்ப்யூட்டர்ல சொல்ல மறந்துட்டேன்."

ஒரே பத்து மணிக்கு இரண்டு பேர். நான் அறியாமலே திரையைப் பார்த்தேன். என் கோணல் மூஞ்சிதான் அதில் தெரிந்தது. என் கையில் ஒன்றுமே இல்லை.

அண்ணன் விரல்கள் நான்கைந்து தட்டு தட்டின. தலையை லேசாகச் சாய்த்துக் கேட்டார். "அங்கிள், எங்ககிட்ட வேலை செய்ற சாந்தி பத்து மணிக்கு ஃப்ரீ. இடுப்புக்கு என்னைவிட அவங்க கைதான் நல்லா இருக்கும். ரெண்டாவது கட்டில். பேரு?" அங்கிள் சொல்லச் சொல்லத் தட்டினார். "ஓகே. சாந்தி! ரெண்டாவதுல அங்கிள், இடுப்பு, எடது பக்கம்." அங்கிள் காலை இழுத்து நடந்த சத்தத்தை வைத்து இடது பக்கம் என்பதையும் அண்ணன் கண்டுபிடித்திருக்கிறார்.

இரண்டு பேரும் உள்ளே போனார்கள்.

சந்திரன் கவுண்டருக்கு வந்து திரையைத் தட்டிப் பார்த்தான். "மாமா, ஸ்கிரீன் ஓடல."

"எனக்கு ஓடுது."

"இல்ல, எனக்குப் பாக்கணும்னா?"

"நீ எதுக்குப் பாக்கணும்?"

சொன்ன விதத்தில் கோபமே இல்லை. நேரம் என்ன என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னார். சந்திரன் என்னைப் பார்த்தான். நான் தண்ணீர் பாட்டிலின் லேபிளை ஆழ்ந்து படித்துக்கொண்டிருந்தேன். பிறகு வாசலுக்குப் போய் யாருக்கோ போன் போட்டான். "போஸ், நான் சந்திரன். ஆமா, ஸ்ரீ கெம்பாங்கான் வேலைக்கு… நாளைக்கே வரேன். தூக்குவேன் போஸ், தூக்குவேன், ஜிம்லாம் போயிருக்கேன்."

அவன் எந்த ஜிம்முக்கும் போனதில்லை என்பது அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும்.

திரும்பி வந்தபோது பாரம் இறங்கியவன் மாதிரி இருந்தான். அல்லது அவனைப் பற்றி எழுதுவதால் எனக்கு அப்படித் தோன்றுகிறதோ என்னவோ.

"போயிட்டு வரேன் மாமா. அக்காகிட்ட நானே சொல்லிக்கிறேன்."

"இரு" என்றார் அண்ணன். விசைப்பலகையை இழுத்துக்கொண்டார். "சனிக்கெழம நாலு மணி. உன் பேருக்குப் போடுறேன். அஞ்சு நாள் லோரியில சாமான் ஏத்துனா ஆறாவது நாள் நீ குனிஞ்சுதான் வருவ."

"எனக்கெதுக்கு மாமா அதெல்லாம்."

"வா சொல்றேன். நானே பிடிச்சு விடுறேன்."

தட்டினார். பெயர். நேரம். வலி: முதுகு. அதோடு நிற்பார் என்று பார்த்தால் நிற்கவில்லை. குறிப்புப் பெட்டிக்குப் போகும் விசை எதுவென்று எனக்குத் தெரியும், நான் வைத்ததுதான். அதைத் தட்டிவிட்டு இன்னும் எழுதினார். இரண்டு வரி இருக்கும். நிறுத்தி, இயர்போனில் ஒருமுறை கேட்டு, திருப்தியாகத் தலையாட்டி, சேமித்தார்.

"என்ன மாமா எழுதுனீங்க?"

"சனிக்கெழம வா, தெரியும்."

சந்திரன் கவுண்டரின்மேல் பாதி உடம்பைச் சாய்த்து எட்டிப் பார்த்தான். நானும்தான் எட்டிப் பார்த்தேன். திரை கறுப்பாக இருந்தது.